குளிரினும் கொடிது ஈரம்

புனே நகரின் கிழக்கு எல்லையில், முளா–முட்டா நதியின் கரையோரத்தில் அமைந்துள்ள கராடி, ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வயல்கள் சூழ்ந்த ஒரு கிராமமாக இருந்தது. இன்று அது கண்ணாடிச் சுவர்கள் கொண்ட மாளிகைகளில் இரவும் பகலும் கணினித் தொழில் நடக்கும் நகரப் பகுதியாகிவிட்டது. அங்கே உத்தியோகம் பார்ப்பவர்களுள் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கணிசமாக இருக்கிறார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால், வெள்ளிக்கிழமை இரவுகளில் இப்பகுதியின் தெருமுனைகளிலே, முதுகில் பெரிய பையும் நெற்றியில் விளக்கும் காலில் தடித்த பூட்ஸுமாக இளைஞர்களும் யுவதிகளும் கூடி நின்று, ராஜ்கட், தோரணா, ஹரிச்சந்திரகட், கள்சூபாய் என்று ஸஹ்யாத்ரியின் ஏதோ ஒரு கோட்டைக்கோ சிகரத்துக்கோ தங்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்காகக் காத்திருப்பதைக் காணலாம். குளிர்கால விடுமுறையில் இன்னும் துணிந்து, உத்தராகண்டத்தில் சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தாவின் பனிச்சரிவிலோ, லடாக்கில் உறைந்து கிடக்கும் ஜன்ஸ்கார் ஆற்றின் மீதோ நடந்துவிட்டு வருகிறவர்களும் அவர்களிலே உண்டு.

புறப்படும் வேளையில் ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் சொல்லும் புத்தி பெரும்பாலும் ஒன்றுதான்: "குல்லாவைப் போட்டுக்கோடா கண்ணு, ஸ்வெட்டரை மறந்துடாதே." அன்பிலே பிறந்த அந்த வார்த்தையில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் அது மட்டும் போதாது. மலையிலே குளிரினால் நேரும் அபாயத்தைப் பற்றிப் படித்தும், மலையேறுகிறவர்களோடு கூட நடந்தும் நான் அடைந்திருக்கும் முடிவு, உடுத்தும் துணியின் கனத்தைக் காட்டிலும் அதன் உலர்ச்சியே மனிதனைக் காக்கிறது என்பதும், குளிரை மட்டும் எண்ணி ஆயத்தம் செய்து ஈரத்தையும் காற்றையும் மறந்தவர்களே பெரும்பாலும் துன்பத்துக்கு ஆளாகிறார்கள் என்பதுமாகும்.

புனேயின் குளிர் இயல்பிலே சாதுவானது. 1935ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி பதிவான 1.7 டிகிரி செல்சியஸே இந்நகரம் கண்ட மிகக் குறைந்த வெப்பநிலை; சாதாரணமாக மார்கழி, தை மாதத்து விடியற்காலைகளில் சிவாஜிநகரில் எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி வரை இருக்கும்; கராடிக்குப் பக்கத்திலுள்ள வட்காவ்ஷேரியிலோ அதைவிடவும் சில டிகிரி கூடுதலாகவே பதிவாவது வழக்கம். மலைப்பகுதிகளில் குளிர் சற்று அதிகம். மஹாபலேஷ்வரத்து வேண்ணா ஏரிக்கரையில் சில விடியல்களில் புல்நுனிப் பனித்துளி உறைந்து கிடப்பதைப் பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டும். உதகைப் பக்கத்து அவலாஞ்சியையும் தலைக்குந்தாவையும் அறிந்த நமக்கு இது புதிதன்று. இவ்வளவு மென்மையான குளிரில் உயிருக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் தொடக்கத்தில், அதாவது நம் ஆடி மாதத்தில், புனேயிலிருந்து ஹரிச்சந்திரகட் மலைக்கு ஏறிய ஒரு சிறு குழுவினர், அடைமழையிலும் மூடுபனியிலும் வழிதவறிக் காட்டிலேயே இரவைக் கழிக்க நேர்ந்தது; அவர்களுள் ஒருவர் குளிரினால் மாண்டு போனார். அந்தப் பருவத்தில் அங்கே வெப்பநிலை உறைநிலைக்கு அருகில்கூட வருவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டு ஜூன் முதல் வாரத்தில், உத்தராகண்டத்துச் சகஸ்ரதால் ஏரிக்குச் சென்ற, பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த 22 பேர் கொண்ட குழு, நாலாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் திடீரென்று எழுந்த பனிப்புயலில் சிக்கிக்கொண்டது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள், எஞ்சியவர்கள் மீட்கப்பட்டார்கள். இரண்டு விபத்துகளும் பனிக்காலத்தில் நேரவில்லை. இரண்டிலும் ஈரமும் காற்றும் களைப்பும் ஒன்றுகூடியிருந்தன.

நம் பழம்புலவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. நெடுநல்வாடையின் தொடக்கத்திலே நக்கீரர் காட்டும் ஆயர்கள் நடுங்குவது, மழை விடாது பெய்து வாடை வீசும் கூதிர்காலத்தில்தான். வெள்ளத்துக்கு அஞ்சி ஆநிரையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்ற அவர்கள், நனைந்த மேனியோடு கூடி நின்று, கொள்ளியில் கைகாய்ந்தும் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். நெருப்பு எதிரிலே இருந்தும் நடுக்கம் தீரவில்லை என்பதைக் கண்ட புலவரின் கண் சாதாரணக் கண் அன்று.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளச் சரீர இயல்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் உடம்பின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்நிலையை மருத்துவர்கள் 'ஹைப்போதெர்மியா' என்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், முன்னாளில் நம் வீடுகளில் தொங்கிய நூறு வாட் குண்டு பல்பு ஒன்று வெளியிடும் அளவுக்கு உஷ்ணத்தை ஓயாமல் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறான். நடுக்கம் பிடித்துத் தசைகள் துடிக்கும்போது அது நாலைந்து மடங்காகப் பெருகும். ஆகவே ஸ்வெட்டரோ ஜாக்கெட்டோ நமக்கு உஷ்ணத்தைக் கொடுப்பதில்லை; உடம்பு உண்டாக்கும் உஷ்ணம் விரைவில் வெளியேறிவிடாதபடி தடுப்பது மட்டுமே அவற்றின் தொழில். அந்தத் தடுப்பைச் செய்வதும் உண்மையில் நூல் அன்று; நூல்களின் இடுக்கில் அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் காற்றே. தண்ணீரோ, காற்றைப் போல இருபத்தைந்து மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்திச் செல்லும் வஸ்து. துணி நனையும்போது காற்று இருந்த இடுக்கையெல்லாம் நீர் பிடித்துக்கொள்கிறது. அதற்குமேல் அந்த நீர் ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தையும் நம் தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

காற்றின் கொடுமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1941ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவில், ஓர் உருளையில் நீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, வெவ்வேறு வேகத்தில் காற்று வீசுகையில் அது உறைவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். காற்றுக்குளிர் என்று வானிலை அறிக்கைகளில் இன்று நாம் படிக்கும் கணக்கு அங்கே பிறந்ததுதான். இப்போது வழங்கும் சூத்திரத்தின்படி, வெப்பநிலை பூஜ்யமாக இருக்கையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடப்படாத தோலுக்கு அது மைனஸ் 7 டிகிரிக்குச் சமம். மைனஸ் 10 டிகிரியில் அதே காற்று மைனஸ் 21க்குச் சமம்.

இனி, கள்சூபாய் ஏறும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1,646 மீட்டர் உயரமுள்ள அது மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரம். சூரியோதயத்தை உச்சியிலிருந்து காண்பதற்காக நள்ளிரவில் ஏறத் தொடங்குவார்கள். அடிவாரத்திலே குளிர்கிறதென்று உள்ளே பருத்தி பனியன், மேலே தடித்த ஜாக்கெட் என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பும் அவர், பாறைகளில் பொருத்தியுள்ள இரும்பு ஏணிகளை ஏறி முடிப்பதற்குள் வியர்வையில் குளித்துவிடுகிறார். உச்சியை அடைந்ததும் நடை நிற்கிறது. உடம்பு உண்டாக்கும் உஷ்ணம் சட்டென்று குறைகிறது. திறந்த வெளியிலே காற்றோ தடையின்றி வீசுகிறது. நனைந்த பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ள, விடியலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கையில் பல் கிட்டத் தொடங்குகிறது. ஒரு துளி மழையும் பெய்யாத அந்த இரவிலே அவரை நனைத்தது அவருடைய சொந்த வியர்வை. மலையேறும் கலையிலே தேர்ந்தவர்கள் கிளம்பும்போதே ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவதும், முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் குளிரட்டும் என்று விட்டுவிடுவதும், வியர்க்கும் வேகத்தில் நடக்காமல் மூச்சு வாங்காத நிதானத்தில் ஏறுவதும் இதனால்தான். உச்சிக்குச் சற்று முன்பே ஒதுக்குப்புறமான பாறை மறைவில் நின்று, ஈரப் பனியனைக் களைந்து உலர்ந்ததொன்றை அணிந்து, அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வது இரண்டு நிமிஷ வேலை. குளிரிலே சட்டையைக் கழற்றுவதாவது என்று கூசி அதைச் செய்யாதவர்களே பலர்.

பருத்தியைப் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டா. நம் வெயிலுக்கு அதைப்போல் ஆடை வேறில்லை. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவது பருத்தியின் குணம். சென்னை வெயிலில் நமக்குச் சுகம் தரும் அதே குணம் மலையுச்சியில் பகையாகிவிடுகிறது. பாலியஸ்டர் முதலிய செயற்கை நூல்கள் நீரை உட்கொள்ளாமையால் விரைவில் உலர்ந்துவிடும். கம்பளியின் தன்மையோ தனி. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நூலுக்குள்ளேயே ஏற்றுக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது. ஈரத்தை ஏற்கும்போது அது சிறிதளவு உஷ்ணத்தையும் வெளியிடுகிறது. சுருள் சுருளான அதன் இழைகள் நனைந்த பின்பும் ஒன்றோடொன்று படிந்து போகாமல் காற்றுக்கு இடம் விட்டு நிற்கின்றன.

கராடியிலிருந்து இரண்டொரு மணி நேரப் பிரயாணத்தில் இதற்குச் சாட்சி கிடைக்கும். மகாராஷ்டிரத்துத் தங்கர்கள் என்னும் ஆட்டிடையர்கள் தோளில் போட்டுக்கொள்ளும் கரிய கம்பளிக்குக் கோங்கடி என்று பெயர். தக்காணத்து ஆட்டின் முரட்டு மயிரைத் தங்கர் பெண்கள் நூற்றுக் கொடுக்க, சாங்கர் என்ற நெசவுச் சமூகத்தார் அதைக் குழித்தறியில் நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி தோய்த்து விறைப்பாக்குகிறார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குறும்பர்கள் நெய்து வந்த கம்பளியும் இதற்கு உறவுதான். ராஜ்கட் அடிவாரத்துக் குஞ்சவணே கிராமத்துக்கு மேலே, தூற்றல் ஓயாத ஒரு மாலையில், கோங்கடியின் ஒரு மூலையை மடித்துக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு, மந்தைக்கு நடுவே அசையாமல் நின்ற முதியவர் ஒருவரைக் கண்டேன். "பாபா, இப்படி நனைந்திருக்கிறீர்களே, குளிரவில்லையா?" என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக் கோங்கடிக்கு உட்புறம் வைத்துக்கொண்டார். வெளிப்புறத்து மயிர்நுனிகளில் மழைத்துளிகள் முத்து முத்தாக நின்றன. உள்ளேயோ ஆட்டின் வாடையும், இதமான கதகதப்பும், விரலுக்குச் சொரசொரப்பும் இருந்தனவேயன்றி ஈரம் இல்லை. "கனக்கும், அவ்வளவுதான்" என்றார் பிற்பாடு.

அந்தக் கனமே கோங்கடியின் குறை. முதுகுப்பையில் அதைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் இமயத்தில் நடக்க முடியாது. அங்கே உடம்போடு ஒட்டிய மெல்லிய தெர்மல் ஒன்று, அதன்மேல் உஷ்ணம் காக்கும் கம்பளியோ ஃப்ளீஸோ ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று என மூன்று அடுக்காக உடுத்துவதே உத்தமம்; வியர்க்கும்போது ஒன்றைக் கழற்றவும் நிற்கும்போது ஒன்றைச் சேர்க்கவும் அது வசதி செய்கிறது. வாத்தின் மென்தூவி அடைத்த டவுன் ஜாக்கெட், எடைக்கு எடை வேறெதுவும் தராத பாதுகாப்பைத் தருவது உண்மையானாலும், நனைந்துவிட்டால் தூவி கட்டிக்கட்டியாகச் சேர்ந்து பயனற்றுப் போகும். உலர்ந்த பனியுள்ள கடுங்குளிர்ப் பிரதேசத்துக்கு அது ஏற்றது, ஸஹ்யாத்ரியின் மழைக்கும் மூடுபனிக்கும் ஏற்றதன்று. அடுக்குகளில் மேலாடைக்குத்தான் முதலில் பணம் செலவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இளைஞர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். பார்வைக்குப் பருத்து நிற்கும் டவுன் ஜாக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, மழைக்கோட்டை நடைபாதைக் கடையில் வாங்குகிறார்கள். தாயார் சொன்ன குல்லாவையும் மறக்க வேண்டா. உடம்பின் உஷ்ணத்தில் பாதி தலை வழியாகவே போய்விடுகிறது என்ற பேச்சு மட்டும் மிகை. தலை நம் உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், உஷ்ணமும் ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் அதன் வழியே வெளியேறுகிறது.

வெளியிலிருந்து ஒரு துளி நீரும் படாத இடத்திலும் ஈரம் மனிதனை எப்படித் தேடி வருகிறது என்பதற்கு, 1911ஆம் ஆண்டு தென்துருவத்துக் குளிர்காலத்தில் வில்சன், பவர்ஸ், செர்ரி-காரார்டு என்ற மூவர் ஐந்து வாரம் மேற்கொண்ட பிரயாணத்தைப் போன்ற உதாரணம் வேறில்லை. எம்பரர் பெங்குவின் பறவையின் முட்டைகளைச் சேகரிப்பதற்காக, சூரியனே உதிக்காத அந்தக் காலத்தில், மைனஸ் 60 டிகிரி வரை சென்ற குளிரில் அவர்கள் பனிவண்டியை இழுத்துச் சென்றார்கள். அவர்களுடைய வியர்வையும் மூச்சின் ஆவியும் ஆடையிலும் கலைமான் தோலாலான உறக்கப்பையிலும் உறைந்து உறைந்து, நாளுக்கு நாள் பைகள் கனத்துக்கொண்டே வந்தன. இரவில் உறைந்த பைக்குள் நுழைவதற்கே நெடுநேரம் போராட வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை கூடாரத்தை விட்டு வெளியே வந்த செர்ரி-காரார்டு, சுற்றுமுற்றும் பார்க்கத் தலையை நிமிர்த்தினார்; சில வினாடிகளுக்குள் கழுத்தைச் சுற்றியிருந்த ஈர ஆடை இரும்பாக உறைந்துவிட, தலையைக் குனிய முடியாமல் அண்ணாந்தபடியே நான்கு மணி நேரம் வண்டியை இழுத்தார். அதற்குப் பிறகு, உறைவதற்கு முன்பே வண்டி இழுக்கும் நிலையில் உடம்பை வளைத்துக்கொள்ள மூவரும் கற்றுக்கொண்டார்கள். 1922இல் செர்ரி-காரார்டு எழுதிய நூலில் இதையெல்லாம் ஒன்றும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

அக்காலத்தில் அவர்கள் பட்ட பாட்டிலிருந்து இக்காலத்து இரவுக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. எவ்வளவு குளிரினாலும் உறக்கப்பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடக் கூடாது; மூக்கும் வாயும் வெளியே இருக்க, பையின் கழுத்துக் கயிற்றை இறுக்கிக்கொள்ள வேண்டும். நாள் முழுதும் நடந்த உடையோடு படுக்காமல், உறங்குவதற்கென்றே தனியாக ஒரு தெர்மலும் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையும் வைத்திருந்து, அவற்றைப் பகலில் எக்காரணம் கொண்டும் தொடாமல் இருக்க வேண்டும். நீர்புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த அந்தக் காலுறை ஜோடியை விலையுயர்ந்த எந்தக் கருவியைக் காட்டிலும் நான் மதிக்கிறேன்.

படுக்கையில் பலர் மறந்துவிடுவது தரையை. மேலே எத்தனை தடித்த பையைப் போர்த்தினாலும், உடம்பின் பாரத்தால் அடிப்புறம் நசுங்கி அங்கே காற்று இல்லாமற் போகிறது. உஷ்ணம் குளிர்ந்த மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாய் பெறும் ஃபோம் மேட் ஒன்றைக் கீழே விரிப்பதால் கிடைக்கும் சுகம், இரண்டாவது போர்வையால் கிடைக்காது. அதுவும் இல்லாத ஆபத்து வேளையில் காய்ந்த புல்லையும் சருகையும் முழங்கை ஆழத்துக்குக் குவித்து அதன்மேல் படுக்கலாம். காலிசெய்த முதுகுப்பையையும் கயிற்றையும்கூட அடியில் போட்டுக்கொள்ளலாம். உறக்கப்பை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சர்வதேசத் தர விதிப்படி அதன்மேல் மூன்று வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் மிகக் குறைந்ததாகிய 'எக்ஸ்ட்ரீம்' என்பது, அந்தக் குளிரில் ஆறு மணி நேரம் உயிரோடிருக்கலாம் என்பதற்கு மேல் எதையும் உறுதி சொல்வதில்லை. சுகமாக உறங்க விரும்புகிறவர்கள் 'கம்ஃபர்ட்' என்ற எண்ணையே பார்த்து வாங்க வேண்டும். கூடாரம் அடிக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். பவனா ஏரிக்கரையில் நீரை ஒட்டியே கூடாரம் போட எல்லோருக்கும் ஆசை. தெளிந்த இரவிலே குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதாலும், நீர்க்கரையில் பனி அதிகம் படிவதாலும், விடியும்போது உள்ளும் புறமும் சொட்டச் சொட்ட நனைந்திருப்பது அந்தக் கூடாரங்களே. சற்று மேடான, மர நிழலுள்ள இடத்தில் குளிரும் ஈரமும் குறைவு.

நெருப்பைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லையே என்று சிலர் நினைக்கலாம். கோட்டைகளிலும் வனத்துறைக் காடுகளிலும் நெருப்பு மூட்டுவது பல இடங்களில் தடுக்கப்பட்டிருக்கிறது. மழைக்காலத்து ஈரவிறகு பற்றவும் பற்றாது. அதைவிட முக்கியமாக, கணப்புச் சட்டியையோ கேஸ் அடுப்பையோ மூடிய கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு உறங்குவது மரணத்தை அழைப்பதாகும். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; இரத்தத்தில் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக ஒட்டிக்கொண்டு, உறங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். மலைவாசஸ்தலங்களிலே விடுதி அறைகளில் இப்படி மாண்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் அவ்வப்போது படித்து வருந்துகிறோம்.

வெளியே நெருப்பு இல்லாவிட்டாலும் உள்ளே எரிபொருள் இருக்கலாம். அரை லிட்டர் வெந்நீர் உடம்புக்குத் தரும் உஷ்ணம் கணக்குப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கலோரிக்கு மேல் இராது. ஐம்பது கிராம் லோணாவளாக் கடலைமிட்டாயோ இருநூறு கலோரிக்கு மேல் தரும். வெந்நீர் மனத்துக்குத் தெம்பூட்டுவது, வெல்லமும் வேர்க்கடலையும் நடுங்கும் தசைகளுக்குத் தீனி, இரண்டும் வேண்டும். படுக்கப் போகும்முன் கோட்டை வாசலில் கிராமத்துப் பெண்கள் சுட்டுத் தரும் பாக்ரியையும் பிட்லாவையும் வயிறு நிறையச் சாப்பிட்டவர், பிஸ்கத்தைக் கடித்துக்கொண்டு படுத்தவரைவிடக் கதகதப்பாக உறங்குவார். மதுவோ முற்றிலும் ஆகாது. அது தோலுக்கடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளிருக்கும் உஷ்ணத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறது. குடித்தவனுக்குச் சூடாக இருப்பதுபோல் தோன்றும் வேளையில்தான் அவன் விரைவாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறான்.

இமயத்தின் உச்சியிலே இந்தப் போராட்டத்தைத் தொழிலாகவே நடத்துகிறவர்கள் நம் ராணுவ வீரர்கள். 1984 ஏப்ரல் முதல் சியாச்சினில் நம் படை நிலைகொண்டிருக்கிறது. அங்கே துப்பாக்கிக் குண்டுகளைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அதிகம். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி, சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல் முகாமின்மீது பெரும் பனிச்சுவர் சரிந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர்களும் ஒரு மருத்துவ உதவியாளருமாகப் பத்துப் பேரை மூடிவிட்டது. அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டார். மருத்துவ உதவியாளர், புனேக்கு அடுத்த சாதாரா மாவட்டத்தவர். இரவில் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகும் குளிரில், கல்லாக இறுகிய பனியை வெட்டி வெட்டித் தேடிய சக வீரர்கள், ஆறாவது நாளில் 25 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில், தார்வார் மாவட்டத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பதை உயிரோடு கண்டெடுத்தார்கள். கூடாரத்தைச் சுற்றி அகப்பட்டுக்கொண்ட காற்றும், மேலே கொட்டும் குளிருக்கும் புயலுக்கும் அரணாக நின்ற பனியுமே அவர் உயிரை அத்தனை நாள் தாங்கியிருக்க வேண்டும். டெல்லி ராணுவ மருத்துவமனையில் எல்லாச் சிகிச்சையும் செய்தும் பிப்ரவரி 11ஆம் தேதி அவர் காலமானார். அந்தச் சில நாள் தேசம் முழுவதும் அவருக்காகப் பிரார்த்தித்ததை மறக்க முடியாது.

பனியே பனியிலிருந்து காக்கும் என்பது விந்தையாகத் தோன்றினாலும், புதிய பனியில் பெரும்பகுதி காற்றுதான். புயலில் அகப்பட்டவர்கள் பனிமேட்டைக் குடைந்து உட்கார்ந்தால், வெளியே மைனஸ் 30 இருக்கையிலும் உள்ளே பூஜ்யத்தை ஒட்டியே வெப்பநிலை நிற்கும். நுழைவாயில் தாழவும் படுக்கும் மேடை உயரவும் இருக்க வேண்டும், குளிர்ந்த காற்று கீழே வழிந்துவிடும். மூச்சுக்கு ஒரு துளையும் அவசியம். அங்கேயும், குடையும்போது வியர்க்காமலும் நனையாமலும் பார்த்துக்கொள்வதே பாதி வெற்றி.

இவ்வளவு ஜாக்கிரதையையும் மீறி ஒருவர் குளிர்ந்து போகிறாரென்றால் அதை முதலில் கண்டுகொள்ள வேண்டியவர் பக்கத்தில் இருப்பவர்; ஏனென்றால் குளிர்ந்து போகிறவரின் புத்தி அதை உணரும் சக்தியை முதலில் இழக்கிறது. ஜாக்கெட் ஜிப்பைப் போட முடியாமல் விரல் தடுமாறுதல், பேச்சுக் குழறுதல், சமதரையில் கால் இடறுதல், காரணமில்லாத சிடுசிடுப்பு, 'எனக்கு ஒன்றுமில்லை, விடு' என்ற பிடிவாதம் ஆகிய இவை முன்னறிகுறிகள். கடுமையான நடுக்கம் நல்லது. உடம்பு இன்னும் போராடுகிறது என்று அதற்குப் பொருள். உள்வெப்பம் 32 டிகிரியை ஒட்டி இறங்கும்போது நடுக்கம் குறைந்து நின்றுவிடும். அதைக் கண்டு தேறிவிட்டார் என்று மகிழ்வது பெரும் பிழை. முடிவை நெருங்கியவர்கள் சிலர், உடம்பெல்லாம் எரிகிறதென்று ஆடைகளைக் களைந்து எறிவதும் உண்டு.

லோணாவளாவின் சிவதுர்க் மித்ர போன்ற தன்னார்வக் குழுவினர் எந்த நேரத்திலும் கயிறும் ஸ்ட்ரெச்சருமாக ஓடி வருகிறார்கள். புனேயின் கிரிப்ரேமி சங்கத்தார், 2012இல் எவரெஸ்டிலும் 2019இல் கஞ்சன்ஜங்காவிலும் ஏறிய அநுபவத்தைக் கொண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஆனாலும் மலை மேலே உதவி வந்து சேரப் பல மணி நேரமாகும். அதுவரை, குளிர்ந்தவரைக் காற்றுப் படாத இடத்தில் தரையோடு ஒட்டாமல் ஃபோம் மேட்டின்மேல் படுக்க வைத்து, ஈர உடையைக் கத்தரித்தாவது நீக்கி, உலர்ந்ததை உடுத்தி, உறக்கப்பைக்குள் இட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பையோ பளபளக்கும் அவசரப் போர்வையையோ சுற்ற வேண்டும். வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வைக்கலாம். நன்றாக விழித்திருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை மிகுந்த சூடான பானத்தைக் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்கவோ, எழுப்பி நடக்க வைக்கவோ கூடாது. குளிர்ந்த இருதயம் சிறு குலுக்கலிலும் தாளம் தப்பிவிடும். விரல்கள் வெளுத்து மரத்துப் போயிருந்தால் பனிக்கட்டியால் உரசும் பழைய வழக்கத்தை அடியோடு விட்டுவிட்டு, 37 முதல் 39 டிகிரி வரை சூடுள்ள நீரில் அமிழ்த்த வேண்டும். அதுவும் மறுபடி உறையாது என்ற நிச்சயம் இருந்தால் மட்டுமே.

நாடி தெரியவில்லை, மூச்சு தெரியவில்லை என்பதற்காகக் கைவிட்டுவிடவும் கூடாது. 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் நார்வே நாட்டில் பனிச்சறுக்கு விளையாடும்போது உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிக்கொண்ட அன்னா பாகன்ஹோம் என்ற இளம் மருத்துவரின் உள்வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கி, இருதயம் நின்றே போயிருந்தது. டிரோம்சோ மருத்துவமனையில் அவருடைய இரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சிறிது சிறிதாகச் சூடேற்றினார்கள். அவர் பிழைத்தெழுந்து, பின்னாளில் அதே மருத்துவமனையில் கதிரியல் மருத்துவராகப் பணி செய்தார்.